கர்னல் சி. கே. நாயுடு

மட்டை வீரர் ஒருவரை அவர்தம் சராசரி எண் கொண்டே மதிப்பிடுதல் இக்காலத்தார் வழக்கம். அவ்வளவுகோலால் அளப்போமாயின், கொட்டாரி கனகய்யா நாயுடு அவர்கள் பெரிதும் உயரார். அவர் ஆடிய டெஸ்ட் பந்தயங்கள் 7, எடுத்த ஓட்டங்கள் 350, சராசரி 25. எனினும் இந்தியக் கிரிக்கெட் வரலாற்றில் அவருக்கே முதலிடம் உரியது என்பது எம் துணிபு. அதன் காரணத்தை ஈண்டு ஆராய்வாம்.

நாயுடு 1895 அக்டோபர் 31-ல் நாகபுரியில் ஒரு தெலுங்குக் குடும்பத்திற் பிறந்தார். ஸ்காட்லாந்து மிஷனரியாகிய ஹிஸ்லப் பெயரால் வழங்கும் பள்ளியிற் பயின்றார் என்பது நம்மனோர்க்கு இனிக்கும் செய்தி. 1916-ல் பம்பாயில் ஐரோப்பியரை எதிர்த்து இந்துக்கள் அணியில் முதன்முறை களம் புகுந்தபோது, அவ்வணி 79 ஓட்டங்களுக்கு எழுவரை இழந்து தத்தளித்தது. மூன்று பந்துகளைத் தடுத்தார்; நான்காவதைச் சிக்சராக்கினார்.

சிக்சராவது, பந்து நிலந்தொடாது எல்லைக்கு அப்பால் வீழுமாறு அடிப்பது. அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டத்தில் ‘ஹோம் ரன்’ எனப்படுவதும் ஏறக்குறைய இத்தகையதே. ஓங்கி அடித்த பந்து சிறிது குறைந்தாற் பிடிபடும். ஆதலின் எச்சரிக்கையுடையோர் அதனை நாடார். அத்திப்பட்டுத் தெருக்களில் ஆடும் சிறுவர்க்கோ, பந்து பிறர் மதிலைத் தாண்டின் அடித்தவனே ஆட்டமிழப்பான் என்பது சட்டம்! நாயுடு அத்தெருக்களிற் பிறவாதது நன்றாயிற்று.

1926 டிசம்பரில் பம்பாய் ஜிம்கானா திடலில் இங்கிலாந்தின் எம்.சி.சி. அணியை இந்துக்கள் எதிர்த்தனர். ஆங்கிலேயர் 363 ஓட்டங்கள் எடுத்திருந்தனர். நாயுடு இரண்டு மணி நேரத்திற்கும் குறைவான பொழுதில் 153 ஓட்டங்கள் குவித்தார். அவற்றுள் சிக்சர்கள் மட்டும் 11; ஓர் இன்னிங்ஸில் அத்துணைச் சிக்சர்கள் அந்நாளிற் பெருஞ்சாதனை. நியூசிலாந்தின் ஜான் ரீடு 15 அடித்து அதனைக் கடந்தது 1963-ல் ஆகும். இதற்கு அடுத்த ஆண்டிலேயே, 1927-ல், அமெரிக்காவில் பேப் ரூத் ஒரே பருவத்தில் 60 ஹோம் ரன்கள் அடித்துப் புகழெய்தினார். ஆயின் ரூத்தின் அடிகள் அவர் அணிக்கு வெற்றி தந்தன. நாயுடுவின் அடிகளோ ஒரு நாட்டிற்கு வாயில் திறந்தன. எம்.சி.சி. தலைவர் ஆர்தர் கில்லிகன், இந்தியர்க்கெனத் தனி வாரியம் வேண்டுமென ஊக்கினார்; 1928-ல் அஃது அமைந்தது; 1932-ல் டெஸ்ட் உரிமை வாய்த்தது. ஓர் இன்னிங்ஸே இவையனைத்தையும் விளைத்தது எனல் மிகையாகும். எனினும், ஆங்கிலேயர் பந்து வீச்சும் அடிக்கத்தக்கதே என்பதைக் கண்ணெதிரே காட்டியது அது.

ரூத் ஆட்ட ஊதியத்தாலேயே செல்வரானார். நம் நாட்டிலோ வீரர்க்கு அரசரே புகலிடம். நாயுடு 1923-ல் ஹோல்கார் மன்னரின் அழைப்பை ஏற்று இந்தூர் சென்று, அவர் படையிற் பதவி பெற்றார். ‘கர்னல்’ என்னும் அடைமொழி அவ்வழி வந்ததே.

1932-ல் இங்கிலாந்து சென்ற அணிக்குத் தலைவர் போர்பந்தர் மகாராஜா. அவர் தம் ஆட்டத்திறனை உள்ளவாறறிந்து விலகிக்கொண்டமையால், லார்ட்ஸ் திடலில் இந்தியாவின் முதல் டெஸ்டுக்கு அரசரல்லாத நாயுடு தலைமை தாங்கினார். மகாராஜாவின் பெருந்தன்மையும் போற்றத்தக்கதே. கையிற் காயத்துடன் நாயுடு எடுத்த 40, இந்தியரின் முதல் இன்னிங்ஸில் மிகுதியான எண். இந்தியா 158 ஓட்டங்களில் தோற்றது. அப்பயணத்தில் அவர் அடித்த சிக்சர்கள் 32. மறு ஆண்டு விஸ்டன் மலர் அவரைச் சிறந்த ஐவருள் ஒருவராகத் தெரிந்தெடுத்தது.

1936-ல் ஓவல் திடலில் கப்பி ஆலனின் வேகப்பந்து மார்பைத் தாக்கியது. அவர் களம் விட்டகலாது 81 ஓட்டங்கள் எடுத்தார். அதுவே அவர்தம் இறுதி டெஸ்ட். சராசரி எண்ணில் இத்தகையவற்றிற்கு இடம் ஏது?

1956-ல் பத்மபூஷண் விருது பெற்றார். 1956-57 பருவத்திலும் உத்தரப்பிரதேச அணிக்குத் தலைவராய் ரஞ்சிக் கோப்பையில் மட்டை பிடித்தார்; அகவை அப்பொழுது அறுபத்தொன்று. 1967 நவம்பர் 14-ல் இந்தூரில் காலமானார். கிரிக்கெட் வாரியம் மூத்த வீரர்க்கு வழங்கும் வாழ்நாள் விருதும், இளைஞர் ஆடும் கோப்பையொன்றும் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றன.