பயற்றையின் துரு நோய்: ஒரே பயிரில் பிறந்து அதே பயிரில் முடியும் பங்கசு

கிராமக் கூட்டங்களில் கமக்காரர் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சுவாமி, போன போகமும் பயற்றங்கொடி இப்பிடித்தான் சிவந்து கருகினது. மருந்தும் அடிச்சனாங்கள். இந்த நோய் எங்கையிருந்து வருகுது?" பலர் காற்றைக் குறை சொல்வர்; சிலர் அயல் தோட்டத்தை; இன்னும் சிலர் விதையை. சரியான விடை தெரிந்தால் செய்யவேண்டியதும் தெரியும்.

இலையில் செம்பழுப்பு நிறக் கொப்புளங்கள் எழுந்து, விரலால் தேய்த்தால் துருப்போலத் தூள் ஒட்டுவதே இந்நோயின் அடையாளம். இதற்குக் காரணம் யூரோமைசெஸ் விக்னே என்னும் பங்கசு. இது உயிருள்ள இலையில் மட்டுமே உண்டு வளரும் ஒட்டுண்ணி.

இருவகைத் துருக்கள்

துருப் பங்கசுகள் இருவகைப்படும். ஒருவகைக்கு இரண்டு விருந்துவழங்கிகள் வேண்டும். கோதுமையின் தண்டுத்துரு தன் வாழ்வின் ஒரு பகுதியைக் கோதுமையிலும், மறுபகுதியை பார்பெரி என்ற முட்செடியிலும் கழிக்கிறது. இதை 1865ஆம் ஆண்டளவில் ஜெர்மானிய அறிஞர் அன்டன் டி பாரி நிறுவினார். அதனாலேயே அமெரிக்காவில் 1918 முதல் பார்பெரிச் செடிகளைத் தேடி அழித்தார்கள். இடையிலுள்ள செடியை அகற்றினால் சங்கிலி ஒரு கண்ணியில் அறுந்தது.

மற்ற வகைக்கு ஒரே விருந்துவழங்கி போதும். பயற்றைத் துரு இவ்வகையைச் சேர்ந்தது. வேலியில் நிற்கும் எந்தச் செடியையும் வெட்டி இதை ஒழிக்க முடியாது. அதன் பிறப்பும் பெருக்கமும் உறக்கமும் பயற்றையிலேயே நடக்கின்றன.

வாழ்க்கை வட்டம்

கொடி முதிரும்போது செந்நிறக் கொப்புளங்கள் கருமையாகும். அவை தடித்த சுவருடைய கறுப்பு வித்திகள். காய்ந்த இலையிலும் கொடியிலும் அவை உறங்கிக் கிடக்கும். ஈரம் கண்டதும் முளைத்து மிகச்சிறிய வித்திகளை வீசும். அவை இளம் பயற்றை இலையில் பற்றி நுண்ணிய மஞ்சள் புள்ளிகளையும், பின் சிறு கிண்ணம் போன்ற அமைப்புகளையும் தோற்றுவிக்கும். அக்கிண்ணத்து வித்திகள் மீண்டும் பயற்றை இலையையே தொற்ற, செந்நிற வித்திகள் உண்டாகும். இவ்வாறு ஐந்து நிலைகளும் ஒரே பயிரில் நிறைவுறும்.

நமக்கு நட்டம் தருவது செந்நிற வித்தியே. அது ஏறக்குறைய 10 முதல் 15 நாளுக்கு ஒருமுறை புதுத் தலைமுறையை உண்டாக்கும். நம்முடையது போன்ற வெப்ப நாட்டில், ஏதோ ஒரு தோட்டத்தில் பயற்றை நிற்கும்வரை, மற்ற நிலைகள் இல்லாமலே இச்சுற்று ஓடிக்கொண்டிருக்கும்.

வித்தி முளைக்க இலை பல மணித்தியாலம் நனைந்திருக்க வேண்டும். "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பார்கள். மாரி ஓய்ந்தபின்னும் அந்தப் பனி துருவுக்கு மழையாகிவிடுகிறது.

நாம் செய்யக்கூடியவை

1. கடைசிக் காய் ஆய்ந்ததும் கொடியைப் பிடுங்கி அகற்றுங்கள். அதைப் பாத்தி ஓரத்தில் குவித்து வைக்கவேண்டாம். நன்றாகச் சூடேறும் கூட்டெருக் குவியலில் இடுங்கள், அல்லது ஆழப் புதையுங்கள்.

2. பழைய கம்புகளில் காய்ந்த கொடியும் வித்தியும் ஒட்டியிருக்கும். சுத்தம் செய்து வெயிலில் காயவைத்த பின்னரே மீண்டும் நடுங்கள்.

3. அடுத்த போகம் வெங்காயம், மிளகாய், கத்தரி என மாற்றுங்கள். இந்தத் துரு அவற்றில் வாழாது. ஆனால் பயற்றைக்குப் பின் கௌபி போடுவது பயிர்மாற்றம் ஆகாது. இரண்டும் ஒரே இனம்.

4. இடைவெளி விட்டு நடுங்கள். தூவல் முறையில் நீர் இறைப்போர் காலையில் இறைக்கட்டும். மாலையில் நனைந்த இலை இரவெல்லாம் ஈரமாக இருக்கும். பனி உலர்ந்தபின் காய் ஆயுங்கள்.

5. இந்நோய் விதைவழி வருவதில்லை. ஆனால் பயற்றையின் வேறு சில நோய்கள் விதையோடு வரும். எனவே நோயற்ற கொடியிலேயே விதை எடுங்கள்.

மருந்து கடைசி வழியாக இருக்கட்டும். விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு, சொன்ன அளவில் மட்டும் பாவியுங்கள். குடாநாட்டில் நாம் குடிப்பதும் பயிருக்கு இறைப்பதும் சுண்ணாம்புக்கல்லுக்குள் நிற்கும் ஒரே நிலத்தடி நீர். தோட்டத்தில் வீணாகும் மருந்து அதன் வெடிப்புகளூடாகக் கிணற்றுக்கு இறங்கக்கூடும்.

ஒரு பழைய பாடம்

1869இல் இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் துரு காணப்பட்டது. அதை ஆராய 1880இல் இங்கு வந்த மார்ஷல் வார்ட், இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டதே நோய்க்கு வசதியானது எனக் கண்டார். கோப்பித் துருவுக்கும் இரண்டாவது விருந்துவழங்கி இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது.

செந்நிற வித்தி காற்றில் வேலி தாண்டும். ஒருவர் மட்டும் தோட்டத்தைத் துப்புரவாக்கி, அயலவர் பழைய கொடியை நிற்கவிட்டால் பயன் குறைவு. ஆகவே இது ஒரு குடும்பத்தின் வேலையன்று, ஊரின் வேலை.

கலந்துரையாடலுக்கு

1. நமது ஊரில் பயற்றை இல்லாத மாதம் ஒன்று உண்டா? அப்படி ஒரு மாதத்தை நாம் சேர்ந்து ஏற்படுத்த முடியுமா?
2. அறுவடை முடிந்த கொடிகளை இப்போது என்ன செய்கிறோம்?
3. கூட்டெருக் குழி ஒன்றை எத்தனை குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளலாம்?