மெழுகில் பிறக்கும் திருமேனி

திருவீதி உலா வரும் செப்புத் திருமேனியைக் கண்டு கைகுவிக்கும் மெய்யன்பர்கள், அது முதலில் மெழுகாய் இருந்ததை எண்ணுவது அரிது.

சுவாமிமலை ஸ்தபதியர் தேன்மெழுகும் குங்கிலியமும் கூட்டி உருவம் சமைப்பர். வடநூலார் இம்முறையை ‘மதூச்சிஷ்ட விதானம்’ என்பர். மதூச்சிஷ்டம் என்பது தேன் எடுத்தபின் எஞ்சியது. எச்சம் இறைவடிவாகும் அழகைக் காண்க! தென்னங்கீற்றைத் திருமேனியின் உயரத்திற்கு நறுக்கி, தாலக் கணக்குப்படி மடித்து அளவு கொள்வர். அதன் பெயர் ஒடியோலை.

மெழுகில் பிழை நேரின் விரலாலேயே திருத்தலாம். அதன்மேல் காவிரியின் நுண்ணிய வண்டலைப் பூசுவர். முகத்தின் நுட்பத்தை ஏற்பது அம்முதற்பூச்சே. மண்ணச்சைச் சுட, மெழுகு உருகி ஓடும். அவ்வெற்றிடத்தில் உலோகக் குழம்பை வார்ப்பர். உள்ளே நிகழ்வதை எவரும் காண இயலாது. ஈரமோ காற்றோ தங்கின் பல நாள் உழைப்பும் வீணே. மெழுகும் போயிற்று, அச்சும் உடைந்தது. மீண்டும் முதலிலிருந்தே தொடங்கல் வேண்டும். ஆதலின் ஓர் அச்சில் ஒரு திருமேனியே பிறக்கும்.

கைகளையும் ஆயுதங்களையும் தியான சுலோகம் கூறும்; அளவைச் சிற்பநூல் கூறும். இதழோரப் புன்னகைக்கு அளவு கூறிய நூலை அடியேன் கண்டதில்லை. அதனை ஸ்தபதி மெழுகிலேயே கண்டாக வேண்டும். கண்களை மட்டும் இறுதியில் பொன்னுளியால் திறப்பர்.