குதிரையின் கழுத்தை இளக்குதல்

நம் மன்றத்து நண்பர்கள் சிலர் இவ்வாண்டு குதிரையேற்றப் பயிற்சியில் சேர்ந்திருக்கின்றனர். அவர்கள் என்னிடம் சொல்லும் குறை ஒன்றே: “கழுத்து மரக்கட்டைபோல் விறைத்து நிற்கிறது, எவ்வளவு இழுத்தாலும் திரும்ப மறுக்கிறது.” இழுப்பதனாலேயே விறைக்கிறது என்பது என் விடை. அதனை விளக்கவே இக்கட்டுரை.

குதிரையின் கழுத்து நீண்டதாயினும், அதிலுள்ள முள்ளெலும்புகள் நமக்கு உள்ளவைபோல் ஏழே. மண்டையோடும் முதல் எலும்பும் சேருமிடத்தில் தலை மேலும் கீழும் அசைகிறது. முதல் எலும்பும் இரண்டாவதும் சேருமிடத்தில் தலை சுழல்கிறது. இப்பகுதியைப் பிடரியுச்சி எனலாம். நாம் இளக்க வேண்டியது தாடையையும் இப்பிடரியுச்சியையுமே. வாரைப் பலங்கொண்டு இழுத்தால் பிடரியுச்சி இளகாது. கழுத்து நடுவில் மடியும். தோள் வெளிப்புறம் சரியும். தலை ஒரு பக்கம் பார்க்க, உடல் வேறு பக்கம் போகும்.

பிரான்சு நாட்டு ஆசான் போஷே 1842இல் வெளியிட்ட நூலில், நிற்கும் குதிரையின் தாடையையும் கழுத்தையும் முதலில் இளக்கும் முறையை வகுத்தார். கழுத்து மட்டும் இளகிப் பின்னங்கால்கள் சோம்பினால் என்ன பயன் என்று அக்காலத்தவர் பலர் அவரை எதிர்த்தனர். இரு தரப்பிலும் உண்மை உண்டு. ஆகவே நிற்கும்போது தொடங்கி, நடக்கும்போது முடிப்பதே நலம்.

முதற்படி தரையில். குதிரையின் இடத் தோளருகே நின்று, இட வாரைக் கடிவாள இரும்புக்கு அருகில் பிடியுங்கள். தலை சற்றே உங்கள் பக்கம் திரும்புமாறு மெல்ல அழுத்தம் கொடுத்துக் காத்திருங்கள். குதிரை எதிர்த்தால் மேலும் இழுக்க வேண்டா. கையை அப்படியே நிறுத்துங்கள். அது தாடையை அசைத்து மென்று இசையும் கணத்தில் விரல்களைத் தளர்த்திவிடுங்கள். இத்தளர்ச்சியே பாடம், இழுப்பு வெறும் கேள்விதான். இரு காதுகளும் ஒரே மட்டத்தில் உள்ளனவா என்றும் பாருங்கள். ஒரு காது தாழ்ந்தால் தலை வளையவில்லை, சாய்ந்திருக்கிறது. பின்னர் வலப்புறமும் அவ்வாறே செய்க. ஒரு பக்கம் எளிதாக வளையும் குதிரை மறுபக்கம் தயங்குவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அங்கே பொறுமை இரட்டிப்பாக வேண்டும்.

இரண்டாம்படி ஏறிய பின். இருபது மீட்டர் வட்டத்தில் நடக்கவிட்டு, உட்காலால் வயிற்றுவாரருகே அழுத்துங்கள். வெளிக்கால் சற்றுப் பின்னே இருக்கட்டும். உள்வார் கேட்கும்; வெளிவார் அவ்வளவுக்கு மட்டும் இடங்கொடுக்கும். உட்கண்ணின் ஓரம் உங்களுக்குத் தெரிந்தால் அவ்வளைவு போதும். நான்கைந்து அடிகளுக்குப்பின் நேராக்கி, வாரை நீளவிடுங்கள். குதிரை கழுத்தை முன்னும் கீழுமாக நீட்டினால் பாடம் பலித்தது. இது கைவந்தபின், 18ஆம் நூற்றாண்டில் கெரினியேர் வகுத்த ‘தோளை உள்ளே கொணர்தல்’ என்னும் பயிற்சிக்குப் போகலாம். அது கழுத்தோடு பின்னங்கால்களையும் சேர்த்து இளக்கும்.

முகவாய் மார்பைத் தொடுமாறு மடக்குவதை அழகென்று எண்ணுவோர் உளர். அந்நிலையில் மூச்சுக்குழல் நெருங்கும். எதிரே பார்வையும் குறையும். பலவந்தமாக அவ்வாறு மடக்குவது ஏற்கத்தக்கதன்று என உலகக் குதிரையேற்றச் சம்மேளனம் 2010இல் அறிவித்தது. நாளைய பயிற்சியில், எத்தனை முறை இழுத்தோம் என்பதை விட்டு, எத்தனை முறை உரிய கணத்தில் தளர்த்தினோம் என்று எண்ணிப் பாருங்கள்.