பாலைவன இரவை நடத்தப்போகும் தங்கைக்கு



நீ அனுப்பிய திட்டத்தைப் படித்தேன். ஜனவரிப் பௌர்ணமி, பதினெட்டு வண்டிகள், படாயரில் ஆரம்பித்து ஃபாசில் ராக் வரை, நடுவில் இரண்டு பெரிய ஏற்றங்கள், நள்ளிரவில் பிரியாணி. பகலுக்கு என்றால் ஒரு வரியைக்கூட மாற்றச் சொல்லமாட்டேன். நம் ஆஃப்-ரோடு குழுவில் மார்ஷல் ஆன பிறகு நீ முன்னின்று நடத்தும் முதல் இரவு இது. ஆசை கூடத்தான் செய்யும். ஆனால் இதில் பாதியை வெட்ட வேண்டும். எந்தப் பாதி, ஏன் என்று சொல்கிறேன்.

சாயங்காலம் நான்கு மணிக்கு மணல்மேடு அவ்வளவு தெளிவாகத் தெரியக் காரணம் நிழல். சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு மடிப்பும் தனியாக எழுந்து நிற்கும். காற்று அடித்து இறுக்கிய சரிவு எது, மணல் உதிர்ந்து செங்குத்தாக நிற்கும் மறுபக்கம் எது என்று கண் தானாகப் பிரித்துவிடும். ஹெட்லைட் அப்படி உதவாது. அது நாம் பார்க்கும் திசையிலேயே, ஏறத்தாழ நம் கண் உயரத்திலிருந்தே அடிக்கிறது. விழுகிற நிழலெல்லாம் நமக்குத் தெரியாத பக்கம் போய் விழும். குழியும் சமதரையும் ஒரே வெளுப்பாகத் தெரியும். ஏற்றத்தில் இன்னும் மோசம். மூக்கு தூக்கியதும் வெளிச்சம் முழுவதும் வானத்துக்குப் போய்விடும். உச்சிக்கு வந்து வண்டி படுக்கும்வரை முன்னால் ஒன்றும் தெரியாது. அந்தப் பக்கம் இறங்கத்தக்க சரிவா, முப்பது டிகிரிக்கு மேல் சரிந்த மணல் முகமா, யாராவது சிக்கி நிற்கிறார்களா, எதுவும் தெரியாமல்தான் உச்சியைத் தாண்ட வேண்டும். அதனால்தான் அந்த இரண்டு பெரிய ஏற்றங்களை எடுக்கச் சொல்கிறேன். படாயரில் உள்ள பிக் ரெட் மணல்மேடு ஏறத்தாழ 100 மீட்டர் உயரம். பகலிலேயே மறுபக்கம் யார் வருகிறார்கள் என்று தெரியாத மேடு. சனிக்கிழமை ராத்திரி அங்கே வாடகை பக்கிகளும் குவாட் பைக்குகளும் எந்தப் பக்கமிருந்து பாயும் என்று யாருக்குத் தெரியும்?

வெளிச்சம் போதவில்லை என்றால் கூட்டிக்கொள்வோம் என்று உறுப்பினர்கள் சொல்வார்கள். கூரையில் எல்இடி பார் மாட்டியவர்கள் அதைப் போட்டுக்காட்டக் காத்திருப்பார்கள். முன்வண்டியைத் தவிர யாரும் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல். பின்னால் வருபவர் பார் போட்டால் முன்னால் போகிறவருடைய மூன்று கண்ணாடிகளிலும் அது வந்து அடிக்கும். எழும்பிய புழுதியில் பட்டு அவர் கண்ணுக்கே திரும்பி வரும். டிப் லைட் போதும். பம்பருக்குக் கீழே தாழ்வாகப் பொருத்திய ஃபாக் லாம்ப் இருந்தால் அது மேல். தாழ்ந்த கோணத்தில் அடிப்பதால் மடிப்புகள் கொஞ்சம் தெரியும். டாஷ்போர்டு வெளிச்சத்தையும் குறைக்கச் சொல். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் வேண்டும். ஒரே ஒரு முறை கைப்பேசித் திரையை முகத்துக்கு நேரே பிடித்தால் அத்தனையும் வீண்.

அடுத்து நிலா. நீ பௌர்ணமி அன்று போட்டிருக்கிறாய். நான் இரண்டு நாள் முன்னால் வைப்பேன். பௌர்ணமி நிலா சூரியன் மறையும் நேரத்தில்தான் எழும். ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் பிந்தும். ஒரு வாரம் தள்ளிப்போய் பௌர்ணமி கழிந்து வைத்தாயானால் முதல் சில மணி நேரம் முழு இருட்டு. இரண்டு நாள் முன்னால் என்றால் வெயில் இறங்கும்போதே நிலா கிழக்கே எழுந்து நிற்கும். வீட்டில் பஞ்சாங்கம் இல்லாவிட்டால் ஹிஜ்ரி நாட்காட்டியைப் பார். 12 அல்லது 13-ஆம் தேதி. இன்னொன்றையும் கவனி. குளிர்காலத்துப் பௌர்ணமி நிலா நள்ளிரவில் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே வந்துவிடும். நடுப்பகல் வெயிலைப்போலவே அதுவும் நிழலைத் தின்றுவிடும். மணலை நன்றாகக் காட்டுவது முன்னிரவின் சாய்ந்த நிலாதான். நள்ளிரவுப் பிரியாணியை ஒன்பதரைக்குக் கொண்டுவா, யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

நிலாவும் சனிக்கிழமையும் ஒத்துவராத மாதத்தை அப்படியே விட்டுவிடு. 2022 ஜனவரியில் அமீரகத்தில் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறிய பிறகு சனி இரவு நமக்கு வசதியாகிவிட்டது, மறுநாள் தூங்கலாம். வெள்ளி இரவும் ஆகும் என்பார்கள். அன்று பாதி நாள் வேலை பார்த்துவிட்டு, அபுதாபியிலிருந்து இரண்டு மணி நேரம் ஓட்டி வந்தவரை இருட்டில் மணலில் இறக்க எனக்கு மனசில்லை.

வழியை மாற்று. ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் போகும் நீண்ட பாதை இரவுக்கு ஆகாது. நடுவில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் முன்னும் போக முடியாது, பின்னும் போக முடியாது. தார்ச்சாலையை ஒட்டிய ஒரு வட்டம் போதும், எந்த இடத்திலிருந்தும் இருபது நிமிடத்தில் வெளியே வரும்படி. அன்று பிற்பகலே அதை ஒருமுறை ஓட்டிப் பார்த்து ஜிபிஎஸ்-ஸில் பதிந்துகொள். போன மாதத்துப் பதிவை நம்பாதே. ஷமால் காற்று இரண்டு நாள் பலமாக அடித்தால் மேட்டின் விளிம்பு நகர்ந்திருக்கும், போன முறை இறங்கிய வாய் மூடியிருக்கும். ஃபாசில் ராக் இருக்கும் மலீஹா பக்கம் போவதில் இன்னொரு கவலையும் உண்டு. பக்கத்து ஃபாயா நிலப்பரப்பு 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துவிட்டது. பாதுகாக்கப்பட்ட இடத்தின் எல்லை எது என்று பகலில் போய்ப் பார்த்து உறுதி செய்யாமல் இருட்டில் ஒரு டயரையும் அந்தப் பக்கம் விடாதே.

ஒட்டகப் பண்ணைகளை வரைபடத்தில் குறித்துக்கொண்டு ஒதுங்கிப் போ. அவற்றைச் சுற்றி ஒற்றைக் கம்பி வேலி இருக்கும். ஹெட்லைட்டில் அது தெரியவே தெரியாது. ஒட்டகம் மேட்டின் மறைவில் படுத்துக் கிடக்கும், மணல் நிறத்திலேயே. காஃப் மரங்களின் அடியில் முகாம் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். இந்த நாட்டின் தேசிய மரம் அது. வேர் பக்கம் வண்டிகளை நிறுத்தாதே, கிளையை ஒடித்துத் தீ மூட்ட விடாதே. விறகு கடையிலிருந்து வரட்டும்.

இனி உனக்குப் பிடிக்காத பகுதி. பதினெட்டை எட்டாக்கு.

மணலில் ஒவ்வொரு வண்டியும் தனக்குப் பின்னால் வரும் வண்டிக்குப் பொறுப்பு. பின்விளக்கு தெரிகிறதா என்று முன்னால் பார்ப்பதைவிட, பின்னால் வருகிறவருடைய ஹெட்லைட் கண்ணாடியில் தெரிகிறதா என்பதுதான் முக்கியம். தெரியாவிட்டால் நின்றுவிட வேண்டும். அவர் நின்றால் அவருக்கு முன்னால் இருப்பவரும் நிற்பார். இப்படியே முன்வண்டிவரை செய்தி வந்துசேரும். எட்டு வண்டிக்கு இது வேலை செய்யும். பதினெட்டுக்குச் செய்யாது, நடுவில் ஒருவர் மறந்தால் வரிசை இரண்டாக அறுந்து, பின்பாதி வேறு பள்ளத்தில் தனியாக ஒரு தலைவனைத் தேடிக்கொள்ளும்.

யாரை எடுப்பது? உன்னோடு பகலில் ஓட்டியவர்களை மட்டும். புது வண்டி வாங்கியவர், நண்பரின் நண்பர், விடுமுறைக்கு ஊரிலிருந்து வந்த மச்சான் ஆகியோர் பின்சீட்டில் உட்காரட்டும். 'அடுத்த முறை பார்க்கலாம்' என்று மழுப்பாதே. 'இரண்டு பகல் ஓட்டம் என்னோடு வாங்க அண்ணா, பிறகு இரவு' என்று நேராகச் சொல். அண்ணன்மார்கள் முகம் சுளிப்பார்கள், குழுவில் நாலு பேர் முணுமுணுப்பார்கள். பெண் மார்ஷல் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே முணுமுணுப்பார்கள், அது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அழைப்பிலேயே விதியை எழுதிவிட்டால் அது உன் விருப்பம் போலத் தெரியாது. இன்ஷூரன்ஸில் ஆஃப்-ரோடு உண்டா என்பதையும், ஒரு சொட்டு மதுகூட கூடாது என்பதையும் அதே அழைப்பில் போடு.

வெயில் இருக்கும்போதே மணலில் இறங்கு. சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன்னால் சுலபமான பகுதியில் ஓட்டவிட்டு, யார் கை நடுங்குகிறது, யார் முன்வண்டியின் வாலில் ஒட்டிக்கொண்டு வருகிறார் என்று பார்த்துவை. மஃரிப் நேரத்தில் நிறுத்து. தொழுகிறவர்கள் தொழட்டும், மற்றவர்கள் ஃப்ளாஸ்கைத் திறந்து கடக் சாயா குடிக்கட்டும். எல்லா விளக்கையும் அணைக்கச் சொல். கண் பழகுவதற்கான அரைமணி நேரம் இப்படியே கிடைத்துவிடும். திட்டத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், நீயும் அவசரப்படாதே. நம் இலக்கணக்காரர்கள் பாலைத் திணைக்கு நண்பகலைத்தான் ஒதுக்கினார்கள். ஆனால் இங்குள்ள பதூ நாடோடிகள் கோடையில் இரவில்தான் ஒட்டகத்தை நடத்தினார்கள், நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே. அவர்கள் சுஹைல் என்று கொண்டாடுவது நம்முடைய அகத்திய நட்சத்திரத்தை. ஆகஸ்ட் கடைசியில் விடியலுக்கு முன் அது தெரிந்தால் வெயிலின் உச்சம் ஓய்ந்ததாகக் கணக்கு. ஜனவரி இரவில் தெற்கு அடிவானத்தை ஒட்டி நிற்கும். பிள்ளைகளுக்குக் காட்டு.

டயர் விஷயம் உனக்குத் தெரிந்ததுதான், ஒன்று மட்டும். நெடுஞ்சாலையில் ஓடிவந்த சூட்டில் 14 பிஎஸ்ஐ-க்கு இறக்கினால், மணல் குளிர்ந்த பிறகு அது 12-க்கு வந்து நிற்கும். அந்த அழுத்தத்தில் சட்டென்று ஸ்டியரிங்கை ஒடித்தால் டயர் ரிம்மை விட்டு வெளியே வரும். ஆகவே சாயா நிறுத்தத்தில் ஒவ்வொருவரும் மறுபடி அளக்க வேண்டும். பனி ஈரம் மேல்மணலைக் கொஞ்சம் இறுக்கும், அந்தத் தைரியத்தில் சிலர் வேகம் கூட்டுவார்கள். வாக்கி-டாக்கியில் பேர் சொல்லியே அதட்டு.

சிக்கிய வண்டியை எடுக்கும்போது ஒருவர் மட்டும் பேசட்டும். முதலில் மண்வெட்டி, பிறகு காற்றைக் குறைத்துப் பின்னால் எடுத்துப் பார்ப்பது, அதுவும் ஆகாவிட்டால்தான் கயிறு. கயிறு இழுபடும்போது அதன் நீளத்தைவிட ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக்கூடாது. இருட்டில் வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாது. அதனால் கயிறு எடுக்கும் முன் எல்லோரையும் வண்டிக்குள் ஏற்றிவிடு.

பதினொன்றுக்கு எல்லோரும் தார்ச்சாலையில் இருக்க வேண்டும். ஜனவரியில் நள்ளிரவுக்குப் பிறகு உட்பகுதிச் சாலைகளில் மூடுபனி இறங்கும், வீடு திரும்பும் வழி மணலைவிட ஆபத்தாகிவிடும். காற்று நிரப்பிக் கிளம்பியவர்கள் வீடு சேர்ந்ததும் ஒரு வரி போடட்டும். எட்டாவது வரி வரும்வரை நீ தூங்காதே.

மாற்றிய வழியையும் எட்டுப் பேர் பட்டியலையும் வியாழனுக்குள் அனுப்பு. கடைசி வண்டியை நான் ஓட்டுகிறேன். அதையும் சேர்த்துத்தான் எட்டு.

அன்புடன்,
அண்ணன்