பொறி எங்கே மறைந்தது?

பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையைத் தக்க கணத்திற் கொளுத்துவது ஒரு சிறு மின்பொறி. அப்பொறி பிறவாவிடில் எத்துணை வலிய மோட்டார் சைக்கிளும் வெறும் இரும்புச் சுமையே. 1955-இல் தொடங்கிச் சென்னையில் ஆக்கப்பெற்று வந்த புல்லட் வண்டிகளுட் பழையன பாயிண்டும் காயிலும் கொண்டவை. முன்னிருந்தவர் தம் மனம்போல் உருமாற்றிய அத்தகைய வண்டி ஒன்றை நம் நண்பர் வாங்கினார். அது நமக்குக் கற்பித்த பாடத்தை ஈண்டுக் கூறுவோம்.

பாட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் சாவி வழியாகக் காயிலின் தடித்த சுற்றிற் புகுந்து, பாயிண்டைக் கடந்து, எர்த் வழியே பாட்டரிக்கு மீள்கின்றது. பாயிண்ட் மூடியிருக்கையிற் காயிலுள் காந்தப்புலம் நிறையும். திறந்தவுடன் அது சடுதியில் அழிய, நுண்கம்பிச் சுற்றிற் பல்லாயிரம் வோல்ட் எழுந்து பிளக்கிற் பொறியாகின்றது. 1831-இல் பாரடே கண்ட மின்காந்தத் தூண்டலே இது. பாயிண்டின் முனைகள் தீய்ந்து போகாமற் காப்பது கண்டென்சர்.

நண்பரின் வண்டி பகலில் ஒழுங்காக ஓடும்; இரவிலோ நடுவழியில் நின்றுவிடும். ஒருநாள் இரவு, பின்னே லாரி விரைந்து வருகையில் நெடுஞ்சாலை நடுவே நின்றது. நண்பர் பிழைத்தது அரிது. பிளக், கண்டென்சர், காயில் ஆகியவற்றை ஒவ்வொன்றாக மாற்றினார். பணம் சென்றதேயன்றிப் பழுது செல்லவில்லை.

பின்னர் நாம் முறைப்படி ஆராயத் துணிந்தோம். உருமாறிய வண்டிக்கு அச்சிட்ட ஒயரிங் படம் பயன்படாது. ஆகவே ஒவ்வொரு கம்பியையும் தொடர்ந்து சென்று புதுப்படம் வரைந்தோம். சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல அழுத்தினோம். பாயிண்ட் மூடும்போது அம்மீட்டரின் முள் செலவுப் பக்கம் சாய்ந்தது, திறக்கும்போது மீண்டது. எனவே சுற்று அறுபடவில்லை. பாயிண்டின் இடைவெளியும் 0.35 மில்லிமீட்டர் என்ற சரியான அளவினதே. அடுத்து, சிறு சோதனை விளக்கைக் கொண்டு இணைப்புக்களை ஒவ்வொன்றாகத் தொட்டோம். எர்த் உட்பட எங்கும் விளக்கு எரிந்தது. நாமோ திகைத்தோம்.

அப்பொழுதுதான் வகுப்பில் மனனம் செய்த ஓம் விதி நினைவிற்கு வந்தது. தடையால் இழக்கப்படும் வோல்ட், ஓடும் மின்சாரத்தின் அளவைப் பொறுத்ததன்றோ? ஓர் இணைப்பில் 0.4 ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். கால் ஆம்பியரே உண்ணும் சோதனை விளக்கிற்கு இழப்பு 0.1 வோல்ட், அது பளிச்சென எரியும். முகவிளக்கும் காயிலும் சேர்ந்து 8 ஆம்பியர் இழுப்பின் இழப்பு 3.2 வோல்ட்; காயிலுக்கு எஞ்சுவது 8.8 வோல்ட்டே. பகலில் ஓடி இரவில் நின்றதன் மருமம் இதுவே!

உடனே முகவிளக்கை எரியவிட்டு, இயந்திரத்திற்கும் பாட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே வோல்ட் மீட்டரை வைத்தோம். அரை வோல்ட்டுக்குட் காட்ட வேண்டிய கருவி மூன்றுக்கு மேற் காட்டியது. பாட்டரியை இடம் மாற்றியவர், எர்த் கம்பியைப் புதிதாக வர்ணம் பூசிய சட்டத்தின் மீதே முடுக்கியிருந்தார்! வர்ணத்தைச் சுரண்டி, உலோகம் பளபளக்கச் செய்து, இயந்திரத்தினின்று பாட்டரிக்கு நேரே ஒரு தடித்த கம்பியும் இட்டோம். அன்றிரவே நண்பர் வண்டியிற் சென்று நலமே மீண்டார்.

மாணவ நண்பர்களே, சுமையின்றிச் செய்யும் சோதனை பாதிச் சோதனையே. பழுது தோன்றும் அதே நிலையில் அளந்து பாருங்கள். அதன் பின்னரே பணப்பையைத் திறவுங்கள்.