எலக்ட்ரான் கற்றையை எப்படி அளக்கிறார்கள்?

மாணவர்களே, பாயான் பாரு திடலில் காற்று குறுக்கே வீசும்போது பந்தை உதைத்துப் பாருங்கள். மெதுவாகப் போகும் பந்து அதிகம் விலகும். ஓங்கி உதைத்த பந்து சற்றே விலகும்.

இந்தியாவில் இந்தூரிலுள்ள ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்தில், லேசர் துடிப்பை வாயுவுக்குள் பாய்ச்சிப் பிளாஸ்மா உண்டாக்குகிறார்கள். படகின் பின்னே எழுவதுபோல் அதில் எழும் அலை எலக்ட்ரான்களை முடுக்குகிறது.

அவற்றின் ஆற்றலை அளக்க, வழியில் காந்தம் வைக்கிறார்கள். ஆற்றல் குறைந்தவை அதிகம் வளையும். மிகுந்தவை குறைவாக வளையும். அப்பால் உள்ள திரையில் அவை விழும் இடம் ஒளிரும். அந்த இடம் ஆற்றலைக் காட்டும். பிரகாசம் எண்ணிக்கையைக் காட்டும்.

முன்பெல்லாம் திரையில் நீண்ட ஒளிப்பட்டையே தெரிந்தது, ஆற்றல் சிதறியிருந்தது. 2004இல் பிரிட்டன், அமெரிக்கா, பிரான்சு ஆய்வுக் குழுக்கள் ஒடுங்கிய ஒளிப்புள்ளியைக் கண்டன. ஏறக்குறைய ஒரே ஆற்றல்!

சிந்திக்க: காந்தத்தை வலுவாக்கினால் அப்புள்ளி எப்பக்கம் நகரும்?