பெட்ரோல் குறைவைக் காட்டும் விளக்கும் அதன் பழுதுகளும்

மோட்டார் வண்டியின் முகப்பிலே அமைந்துள்ள சிறு விளக்குகளுள், தொட்டியில் பெட்ரோல் குறைந்துவிட்டதை அறிவிக்கும் விளக்கும் ஒன்று. முள் காட்டும் மீட்டர் இருக்கும்போது இவ்விளக்கு எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. 1957-இல் வெளிவந்த பியட் 500 என்னும் சிறிய இத்தாலிய வண்டியில் மீட்டரே கிடையாது. இவ்விளக்கு ஒன்றுதான் இருந்தது. மீட்டரைவிட விளக்கையே முதன்மையாகக் கருதிய காலமும் உண்டென்பது இதனால் விளங்கும்.

விளக்கு பொய் சொன்னால் நேரும் துன்பம் சிறிதன்று. நள்ளிரவில் நெடுஞ்சாலை நடுவே வண்டி நின்றுவிடலாம். பின்னால் வரும் லாரிக்கு அது தெரியாமற் போகலாம். மேலும், மின்சாரப் பம்பைத் தொட்டிக்குள்ளேயே வைத்திருக்கும் வண்டிகளில் பம்பைக் குளிர்விப்பதும் பெட்ரோலே. தொட்டி அடிக்கடி வற்றினால் பம்பும் சூடேறிக் கெடும்.

இவ்விளக்கை எரியவைக்கும் முறைகள் பழைய வண்டிகளில் பெரும்பாலும் இரண்டு. முதல் முறையில், தொட்டிக்குள் மிதக்கும் மிதவை கீழே இறங்கியதும் அதன் கை ஓர் உலோக நாக்கைத் தொடும். சாவி வழியாக வரும் மின்னோட்டம் ப்யூஸ், பல்பு, கம்பி ஆகியவற்றைக் கடந்து, அந்த நாக்கின் வழியே வண்டியின் உடலை, அதாவது எர்த்தை, அடையும். விளக்கு எரியும். ஒரு சுவிட்சு செய்யும் வேலைதான் இது.

இரண்டாவது முறை 1980-களின் ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் காணப்படுவது, சற்று நுட்பமானது. இதில் தெர்மிஸ்டர் என்னும் சிறு பொருள் தொட்டியின் அடிப்பகுதியில் பொருத்தப்பட்டிருக்கும். சூடேறினால் அதன் மின்தடை குறையும். பெட்ரோலில் மூழ்கியிருக்கும்வரை, அதில் உண்டாகும் சிறு வெப்பத்தைப் பெட்ரோல் வாங்கிக்கொள்கிறது. பெட்ரோல் வற்றித் தெர்மிஸ்டர் வெளியே வந்ததும் வெப்பம் போக வழியில்லை. சூடு ஏறுகிறது, தடை குறைகிறது, ஓட்டம் கூடுகிறது, அதனால் சூடு இன்னும் ஏறுகிறது. முடிவில் விளக்கு எரிகிறது. இதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். ஆதலின், வட இந்தியக் குளிர்காலக் காலையில் சாவியைத் திருப்பியவுடனே விளக்கு எரியவில்லை என்று பழுதாக எண்ணிவிடலாகாது.

இங்கே ஒரு கணக்குப் பார்ப்போம். மூழ்கிய நிலையில் தெர்மிஸ்டரின் தடை 1,000 ஓம் என்று கொள்வோம். 12 வோல்ட் பாட்டரியிலிருந்து ஏறத்தாழ 12 மில்லி ஆம்பியர் ஓடும். 3.4 வாட் பல்பு முழுதாக எரிய ஏறக்குறைய 280 மில்லி ஆம்பியர் வேண்டும். எனவே 12 மில்லி ஆம்பியரில் அது கண் திறக்காது. ஆனால் இன்று பலர் பழைய பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. விளக்கைப் பொருத்துகிறார்கள். அதற்குச் சில மில்லி ஆம்பியரே போதும். தொட்டி நிறைந்திருக்கும்போதே மங்கலாக எரியத் தொடங்கிவிடும். மறுபுறம், அது மிகக் குறைந்த ஓட்டத்தையே விடுவதால் தெர்மிஸ்டர் சூடேறவும் முடியாது. ஒளி எப்போதும் ஒரே மங்கலாக நிற்கும். டாங்க் யூனிட்டை மாற்றியும் குறை தீரவில்லை என்று வருந்துவோர், முதலில் பல்பு எந்த வகை என்று பார்க்கட்டும். பழைய வகைப் பல்பைத் திரும்பப் போடுவதே மருந்து.

இனிப் பழுதைத் தேடும் முறை. விளக்கு ஒருபோதும் எரியாவிட்டால், சாவியை அணைத்துவிட்டு, தொட்டியில் உள்ள விளக்குக் கம்பியைக் கழற்றுக. பின் இருக்கையின் கீழோ டிக்கியின் தரையிலோ மூடி ஒன்றைத் திறந்தால் அது பல வண்டிகளில் கிட்டும். மீட்டருக்குச் செல்லும் கம்பி வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளல் கூடாது. கழற்றிய முனையிலிருந்து ஒரு நீண்ட கம்பியை வண்டியின் உடலுக்கு இணைத்தபின்னரே சாவியைத் திருப்பவேண்டும். சாவி திறந்திருக்கக் கம்பியை உரசிப் பார்க்கும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. பெட்ரோல் ஆவி சூழ்ந்த இடத்தில் தீப்பொறி எழுப்புவது தற்கொலைக்கு ஒப்பாகும். இப்போது விளக்கு எரிந்தால் ப்யூஸ், பல்பு, கம்பி மூன்றும் நலம். குறை டாங்க் யூனிட்டிலோ அதன் எர்த்திலோ இருக்கிறது. எரியாவிட்டால் குறை முகப்பை நோக்கிய பக்கத்தில். ப்யூஸையும் பல்பையும் முதலில் பார்த்தல் நலம்.

எர்த்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். துருவேறிய திருகு ஒன்றே விளக்கையும் மீட்டரையும் சேர்த்துக் கெடுக்கும். அப்போது மீட்டர் முள் ஒரே ஓரத்தில் நின்றுவிடும். இரண்டும் ஒருசேரக் கெட்டால் இரண்டுக்கும் பொதுவானதைத் தேடுக என்பது இத்தொழிலில் பயன்மிக்க விதி.

விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருந்தால் அதே கம்பியைக் கழற்றிப் பார்க்க. அப்போதும் எரிந்தால், வழியில் எங்கோ கம்பியின் உறை தேய்ந்து உடலைத் தொடுகிறது. அணைந்துவிட்டால் குறை தொட்டிக்குள். மீட்டரும் காலி என்று காட்டுமானால் மிதவை ஓட்டையாகிப் பெட்ரோல் புகுந்து மூழ்கியிருக்கலாம். எடுத்துக் காதருகே ஆட்டினால் உள்ளே நீர்மம் குலுங்கும். மீட்டர் சரியாக இருந்தால் உலோக நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். பல்பையே பிடுங்கி எறிந்துவிட்டுச் சரிசெய்துவிட்டோம் என்பாரும் உளர். நோயாளியின் வாயைக் கட்டிய மருத்துவம் அது!

விளக்குக்கும் தொட்டிக்கும் இடையே மின்னணுப் பெட்டி வைத்துள்ள வண்டிகளுக்கு மேற்கண்ட சோதனை பொருந்தாது. அவற்றின் கையேட்டைப் பார்த்தே செய்யவேண்டும். எந்த வண்டியாயினும், டாங்க் யூனிட்டை வெளியே எடுக்குமுன் பாட்டரியின் எதிர்மின் கம்பியைக் கழற்றுதல் வேண்டும். வெளியே எடுத்த தெர்மிஸ்டரைத் தொட்டிக்கு அருகே பாட்டரியில் இணைத்துச் சோதிக்கலாகாது.

பழுது நீங்கியபின் விளக்கின் அளவையும் அறிந்துகொள்ளலாம். அது நிலையாக எரியத் தொடங்கியதும் பெட்ரோல் பங்கில் நிறைய நிரப்புக. 28 லிட்டர் தொட்டியில் 23 லிட்டர் பிடித்தால் மிச்சம் 5 லிட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு அது 75 கிலோமீட்டர். ஆயினும் அடியிலுள்ள கடைசிச் சிறு பகுதியைப் பம்பு உறிஞ்சாதாகையால் 50 என்றே வைத்துக்கொள்க. மேட்டிலும் வளைவிலும் பெட்ரோல் ஒருபுறம் ஒதுங்கி விளக்கு கண்சிமிட்டுவதை இக்கணக்கில் சேர்க்கவேண்டாம்.